ரெண்டும் இடது கை

ராணிப்பேட்டைப் பக்கம் ஆவியைப் பார்த்தேன் என்று யாராவது உங்களிடம் சத்தியம் செய்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அதுக்கு ரெண்டும் இடது கையா?" ஆமாம் என்று தலையாட்டினால் பயப்பட வேண்டாம். அது எங்கள் கிளவுஸ். செத்த பிறகு ஆவியானவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. உயிரோடு இருக்கும்போதே, காலையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டே, ஆவி என்று பெயர் எடுத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. சிலிண்டர் போடுகிறவர்கூட வாசலில் நின்று "கிளவுஸ் சார்!" என்றுதான் கத்துவார். தோல் கையுறை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ரொம்ப வருஷம் செக்கராக இருந்தவர். தையல் கோணினால் ரிஜெக்ட், சரியாக இருந்தால் பாஸ். வாழ்க்கையில் இந்த ரெண்டு வார்த்தைக்கு மேல் அவர் பேசியிருப்பாரா என்பதே சந்தேகம்தான். வேலையை விட்டு வரும்போது கழித்துப் போட்ட கையுறைகளை ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்தார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் அத்தனையும் இடது கை.

"வலது கை எங்க அங்கிள்?" என்று ஒருநாள் நானே கேட்டேன்.

"அது பாஸாயிடுச்சும்மா. ஜெர்மனிக்குப் போய்டுச்சு. இடது கை வெட்டுற அச்சுலதான் கோணல்."

மூட்டையை வீணாக்க மனசு வருமா? ரெண்டு கையிலும் இடது கையுறையையே மாட்டிக்கொண்டார். வலது கையில் அதை மாட்டினால் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். விளக்கு வைக்கிற நேரத்தில், வெல்டிங் கடைக்காரர்கள் போடுகிற கறுப்புக் கண்ணாடியோடு, முழுக்கை ரெயின்கோட்டோடு, அந்தத் திரும்பின கையை வைத்துக்கொண்டு ஒருத்தர் வேலிக்குள்ளிருந்து எழுந்து நின்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். எனக்கு முதல் தடவை டிபன் பாக்ஸ் கைநழுவிப் போனது. ஸ்டெல்லாவுக்குச் செருப்பே போனது, மறுநாள் காலைதான் எடுத்து வந்தாள்.

ஸ்டெல்லா யாரென்று சொல்லவில்லையே. பாகாயத்துப் பொண்ணு. நானும் அவளும் ஒரே ஷூ கம்பெனியில் டிசைன் செக்‌ஷன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு தெருவின் கடைசி வீட்டில், மாடியில் ஒரு ரூம் எடுத்திருந்தோம். கீழே ஓனரம்மா வசந்தா. பஸ் இறங்கி வீட்டுக்கு வர வேண்டுமானால் கிளவுஸின் வேலியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஸ்டெல்லா அந்த வேலி ஆரம்பிக்கிற இடத்தில் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று தொடங்கினால், வேலி முடிகிற இடத்தில்தான் நிறுத்துவாள். நான் தைரியசாலி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

வேலி என்றால் திருகுக்கள்ளி. பார்த்திருப்பீர்கள். இலையே கிடையாது, பச்சைப் பச்சையாக விரல் விரலாகக் கிளைத்துக்கொண்டு போகும். அந்தத் தெரு மண்ணில் யார் எந்தக் காலத்தில் என்னத்தைக் கொட்டினார்களோ, போர் தண்ணியில் பருப்பு வேகாது, முருங்கை வராது, கறிவேப்பிலை வைத்தால் ஒரு மாசத்தில் கருகிப் போகும். ஓனரம்மா வைத்த தென்னை வளர்ந்த வேகத்திலேயே மொட்டையாகி நின்றது. கிளவுஸ் வீட்டில் மட்டும் ஆள் உயரத்துக்குப் பச்சை. நீல நிற டிரம்களைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, மணலும் செங்கல் தூளும் கலந்து நிரப்பி, வரிசையாகக் கள்ளி நட்டிருந்தார். மழை பெய்யாவிட்டால் எங்களுக்கு முகம் வாடும், அந்தச் செடிக்கு வாடாது. அதுவே தெருவில் பாதிப் பேருக்குச் சந்தேகம். கள்ளிப்பால் என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிற ஊர் நம்ம ஊர். அதை ஒரு மனுஷன் டிரம் டிரம்மாக வளர்த்தால் சும்மா இருப்பார்களா?

அதோடு விட்டாரா மனுஷன்? கள்ளியைத் தொட்ட கையுறையை அன்றன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவுவார். கழுவினதைக் கொடியில் காயப்போட மாட்டார். கள்ளிக் கிளைகளிலேயே, விரல் மேலே பார்க்கிறபடி, ஒவ்வொன்றாக மாட்டி விடுவார். பாலாற்றுப் பக்கமிருந்து சாயங்காலக் காத்து வந்தால் வேலி முழுக்க இடது கைகள் எழுந்து, வா வா என்று ஆடும். சத்தம் வேறு வரும். காய்ந்த தோல் கிளையில் உரசினால் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கும். யாரோ அதை வீடியோ எடுத்து தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'செய்வினை? உஷார்!' என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து பேப்பர் போடுகிற பையன் பேப்பரை எதிர் வீட்டிலேயே போட்டுவிட்டு ஓடினான்.

வேலியில் ஒரு பலகை வேறு. 'தொடாதே. தொட்டால் கழுவு. கசக்காதே.' இதைச் சிலர் மந்திரம் என்றார்கள்.

ஒருநாள் கரண்ட் போயிருந்த சாயங்காலம். நானும் ஸ்டெல்லாவும் வேலிக்கு நடுவில் வந்துவிட்டோம். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி மண் மேலே பறந்தது. அப்புறம் ஒரு குரல்.

"காத்து உங்க பக்கம் வீசுது. நிக்காதீங்க. போய்டுங்க."

ஸ்டெல்லாவுக்கு ஸ்தோத்திரமே மறந்து போய்விட்டது. வீட்டுக்கு ஓடி வந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, தண்ணி குடித்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பயம் அதிகமானால் கோபமாகத்தான் வெளியே வரும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். நேராகப் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"இன்னா அங்கிள், பொம்பளைப் பிள்ளைங்க போற நேரத்துல மண்ணை வாரித் தூத்துறீங்க?"

"கிளை வெட்டிட்டு இருந்தேம்மா. பால் தெறிக்கும். காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பார்க்க மண்ணைத் தூக்கிப் போட்டேன். உங்க மேல பட்டா பேஜார் ஆயிடும்ல."

அவ்வளவுதான் விஷயம். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தேன் பாருங்கள், ஒரு அடி பின்னால் வந்துவிட்டேன். ஹால் தரையில் பேப்பர் விரித்து, வெட்டின கொம்புகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். ஒவ்வொன்றின் வெட்டு வாயிலும் சாம்பல் தடவியிருந்தது. ஜன்னலெல்லாம் சாத்தி, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஒரு மங்கல்.

"இதுங்க ஏன் இப்படிப் படுத்திருக்கு?"

"மெதுவா பேசும்மா" என்றார். யார் காதில் விழப்போகிறதோ! "வெட்டின ஒடனே நட்டா அழுகிப் போய்டும். நெழல்ல ஒரு வாரம் சும்மா கெடக்கணும். புண்ணு ஆறி, வாய் மூடினப்புறம்தான் மண்ணு. தண்ணியும் ஜாஸ்தி ஊத்தக் கூடாது. கொஞ்சினா செத்துடும்."

"இதையெல்லாம் எதுக்கு அங்கிள் வளர்க்குறீங்க?"

கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தார், அல்லது பார்த்தார் என்று நினைக்கிறேன். "இந்த மண்ணுல வர்றது இது ஒண்ணுதாம்மா. இதுவும் இல்லன்னா இங்க நான் மட்டும்தானே இருப்பேன்" என்றார். டீ போடட்டுமா என்றும் கேட்டார், குடிக்காமலே வந்துவிட்டேன்.

இப்போது ஓனரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தாம்மா வீட்டிலேயே அப்பர் தைக்கிறவர். ஷூவின் மேல் பாகத்தைத்தான் அப்பர் என்போம். கம்பெனி ஆள் மூட்டையில் கொண்டுவந்து போடுவான், தடி ஊசியும் சிவப்பு மெழுகு நூலும் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். அவர் கை ஊசியில் போகிற வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. "எனக்குச் சொத்து, சொந்தம் எல்லாம் இந்த ரெண்டு கண்ணுதாண்டீ. இது இருந்தா சோறு" என்பார். நாங்கள் தரும் வாடகை அவருடைய வீட்டுக் கடனுக்கே போய்விடும் என்பதால் அது வாய்ப்பேச்சும் இல்லை.

அந்தம்மாவுக்கு கிளவுஸைக் கண்டாலே ஆகாது. மோட்டார் எரிந்தால் கிளவுஸ். தென்னை பட்டால் கிளவுஸ். தைத்த அப்பர் திரும்பி வந்தால் கிளவுஸ். "அந்தாளு கண்ணாடிக்குள்ள இன்னா கண்ணு வெச்சிருக்கானோ! ஒருநாளாவது கழட்டிப் பார்த்திருக்கீங்களாடீ?" பார்த்ததில்லைதான். தெருவில் அதற்கும் ஆளுக்கொரு கதை இருந்தது. கருவிழியே கிடையாது என்றார் ஒருவர். பூனைக் கண் என்றார் இன்னொருவர். ஒன்றும் இருக்காது, ரெண்டு குழிதான் இருக்கும் என்று ஸ்டெல்லா போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்.

இந்த நேரம் பார்த்து ஓனரம்மா போனில் ஒரு ஜோசியர் வந்தார். திருகுக்கள்ளிக் கொம்பைத் தலைகீழாக வாசலில் கட்டி, அதில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட திருஷ்டியும் வாசலோடு திரும்பிப் போகுமாம். யார் கண் படுகிறதோ அவர்கள் வீட்டுக் கொம்பு என்றால் பவர் ஜாஸ்தியாம். நன்றாக இருக்கிறது நியாயம்! கிளவுஸை விரட்ட கிளவுஸ் வீட்டுக் கள்ளி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளவுஸ் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஓனரம்மா வேலியில் ஒரு கொம்பை முறித்து முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்துவிட்டார். ஸ்டூல் மேல் ஏறி, நிலைப்படிக்கு மேலே கொம்பைத் தலைகீழாகக் கட்டினார். அப்புறம்தான் அந்தக் கூத்து. வேறு ஊர்க்காரர் யாராக இருந்தாலும் பழத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அப்பர் தைக்கிற கைக்குக் கட்டத் தெரியுமா? தைக்கத்தான் தெரியும். அந்தத் தடி ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைக் கொம்போடு சேர்த்து ஒரே குத்து.

கீழேயிருந்து வந்த அலறலில் எங்கள் ரூம் கண்ணாடி அதிர்ந்தது. ஓடி வந்தோம். ஓனரம்மா தரையில் கிடந்து ரெண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு துடித்தார். முகமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சொட்டு. மேலே கொம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நெருப்பு! கண்ணுல நெருப்பு! ஐயோ, தெரியலடீ, ஒண்ணும் தெரியல!"

தெருவே கூடிவிட்டது. "வெச்ச திருஷ்டி திரும்பிடுச்சு" என்றது ஒரு குரல். "விளக்கெண்ணெய் விடு, குளிர்ச்சி" என்று ஒருத்தர் கிண்ணத்தோடு ஓடி வந்தார். "தாய்ப்பால்தான் மருந்து, மூணாவது வீட்டுல பிள்ளை பெத்தவ இருக்கா" என்று இன்னொருவர். ஓனரம்மா மிளகாய் தொட்ட கையால் கண்ணைக் கசக்குகிறார், அவர் கையைப் பிடிக்க என்னால் முடியவில்லை. அந்தக் கண் போனால் அந்த அம்மாவுக்கு அப்புறம் என்ன இருக்கிறது? எனக்கு அழுகை வந்துவிட்டது.

சட்டென்று கூட்டம் ரெண்டாகப் பிளந்தது. கேட்டில் கிளவுஸ் நின்றார். ரெயின்கோட், கறுப்புக் கண்ணாடி, ரெண்டு இடது கை. தலை குனிந்திருந்தது. அவர் வேலியிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் தெரு மண்ணில் வெள்ளைச் சொட்டுகள் விழுந்திருந்தன, முறிந்த கொம்பு முந்தானையிலிருந்து சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. கடையிலிருந்து திரும்பி, செடி வேலைக்கு இதையெல்லாம் மாட்டிக்கொண்டவர் முறிந்த கிளையைப் பார்த்து, அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக வந்திருக்கிறார்.

உள்ளே வந்தார். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கி வீசினார். வீசிவிட்டு, "சோப்பு எங்க?" என்றார்.

ஒரு உயிர் துடிக்கிறது, மனுஷன் சோப்பு கேட்கிறார்! ஸ்டெல்லா நீட்டினாள். கையுறை ரெண்டையும் கழற்றித் தூர எறிந்தார். ஏதோ விருந்துச் சாப்பாட்டுக்கு உட்காரப்போகிறவர் மாதிரி சொம்பில் இருந்த தண்ணியில் விரலிடுக்கெல்லாம் நிதானமாகத் தேய்த்துக் கழுவினார். "கையில பால் இருந்தா இன்னும் கெட்டுடும்" என்று எனக்கு மட்டும் கேட்கிறபடி சொன்னார். அப்புறம் அந்த அம்மாவை அலாக்காகத் தூக்கி, துணி துவைக்கிற கல்லில் சாய்த்து, தலையைப் பிடித்துக் கீழே அமுக்கினார்.

"ஐயோ, கொல்றான்!" என்று கூட்டம் கத்தியது.

"கசக்காத! கண்ணைத் தெற! தண்ணி... தண்ணி கொண்டாங்கய்யா!"

குழாயைத் திறந்தால் காத்துதான் வந்தது. மோட்டார் ஓட கரண்ட் இல்லை. வாட்டர் கேன் இருந்தது, குடிப்பதற்கு வாங்கினது. தூக்கி வந்தேன். ஓனரம்மா அவர் கையைக் கடிக்கிறார், உதைக்கிறார். "நீ தலையைப் புடிம்மா, நான் ஊத்துறேன்" என்றார் கிளவுஸ் என்னிடம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தண்ணி தெறித்து ஒன்றும் தெரியாமல் போகவே, அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு மேல் தள்ளியிருந்தார்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. குழி இல்லை. பூனைக் கண் இல்லை. ரெண்டு சாதாரணக் கண். கன்னுக்குட்டிக்கு இருக்குமே, அந்த மாதிரி நீள இமை வேறு. அதில் தண்ணி நிறைந்திருந்தது. நான் ஓனரம்மாவின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதல் கேன் தீர்ந்தது. "இன்னொண்ணு!" என்றார். யாரும் நகரவில்லை. "இன்னா வேடிக்கை பார்க்குறீங்க? வீட்டுல கேன் இல்ல? எடுத்தாங்கய்யா!" என்று நான் கத்தின கத்தலில் எனக்கே தொண்டை கட்டியது. விளக்கெண்ணெய் கொண்டுவந்தவர்தான் முதலில் ஓடினார். அப்புறம் வீட்டுக்கு வீடு கேன் வந்தது. தெருவே அன்றைக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணியெல்லாம் அந்த ரெண்டு கண்ணுக்குள் போனது. அவர் நிறுத்தவே இல்லை. "அவ்ளோதான், அவ்ளோதான், இன்னும் கொஞ்சம்" என்று, படுக்க வைத்த கொம்புகளிடம் பேசுகிற அதே மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

ஆட்டோவில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரிசோதித்த டாக்டரம்மா வெளியே வந்து, "யாரு கழுவினது? நல்லவேளை, ஒடனே கழுவினீங்க. ஆறிடும். ஆனா சொல்ற வரைக்கும் கட்டை அவுக்கக் கூடாது" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிளவுஸ் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தாம்மா. வேலி வெட்டும்போது பட்டுடுச்சு. எண்ணெய் விட்டாங்க. எல்லாரும் நல்லது நெனச்சுத்தான் விட்டாங்க. கண்ணு போய்டுச்சு" என்றார். தன் வீட்டு ஆட்களைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கட்டு இருந்த நாளெல்லாம் சாயங்காலம் தவறாமல் கேட் வரைக்கும் வருவார், உள்ளே வர மாட்டார். "பாஸா, ரிஜெக்டா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கட்டவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஓனரம்மா அவரை உள்ளே கூப்பிட்டார். "யோவ், அந்தக் கண்ணாடியைக் கழட்டு. எல்லாரும் பார்த்துட்டாங்க, நான்தான் பார்க்கல." அவர் கூச்சத்தோடு கழற்றினார். அந்தம்மா கிட்டே வந்து, உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா என் தென்னைய பட்டுப்போக வெச்ச?" என்றார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரவே, டாக்டர் அழக் கூடாது என்று சொன்னாரே என்று நாங்கள் பதறிப்போனோம்.

கொஞ்ச நாள் கழித்து ஊசி பிடிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் ஓனரம்மா முதலில் அப்பர் தைக்கவில்லை. கிளவுஸ் வீட்டுக் கையுறை ஒன்றை வாங்கி, தையலைப் பிரித்து, தோலைத் திருப்பி, அதே சிவப்பு நூலில் தைத்தார். வலது கை. கிளவுஸ் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, தையல் தையலாகப் பார்த்தார். செக்கர் புத்தி எங்கே போகும்?

"கட்டைவிரல்கிட்ட கோணல்" என்றார். ஓனரம்மா முகம் சுருங்கியது. அவர் அதை மாட்டிக்கொண்டு விரலை மடக்கி விரித்துப் பார்த்தார். "பாஸ்."

அதிலும் தெருவுக்குத் திருப்தி இல்லை. 'கிளவுஸுக்கு ஒரு கை நேராகிவிட்டது, என்ன நடக்கப்போகிறதோ' என்று குரூப்பில் வந்தது.

நான் இப்போது சென்னையில். கிளவுஸ் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஸ்டெல்லா போனில் சொன்னபோது ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். போன மாசம்தான் அந்தப் பக்கம் போக முடிந்தது. பஸ் இறங்கும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. வேலி அப்படியே இருந்தது, இன்னும் உயரமாக. உள்ளேயிருந்து கறுப்புக் கண்ணாடியும் ரெயின்கோட்டுமாக ஒரு உருவம் எழுந்து நின்றது. சத்தியமாக என் கால் ரெண்டும் ஓடிவிடத்தான் பார்த்தன.

"காத்து ஒன் பக்கம் வீசுதுடீ. தள்ளி நில்லு" என்றது உருவம். ஓனரம்மா.

"நீங்களா? கண்ணு பத்திரம்மா!"

"இது என் கண்ணா? அவரு மீட்டுக் குடுத்ததுடீ. அதை வெச்சு அவரு செடியைப் பார்த்துக்கறேன், அவ்ளோதான். இரு, கை கழுவிட்டு வர்றேன்."

அவர் உள்ளே போய்விட்டார். நான் மட்டும் தெருவில் நின்றேன். ஆற்றுப் பக்கமிருந்து காத்து வந்தது. வேலி முழுக்க இடது கைகள் எழுந்து ஆடின, பல்லைக் கடிக்கிற அந்தச் சத்தமும் வந்தது. ஸ்டெல்லா இருந்திருந்தால் ஓடியிருப்பாள். அத்தனைக்கும் நடுவில், சிவப்புத் தையல் போட்ட ஒரே ஒரு வலது கை, கட்டைவிரல்கிட்ட கொஞ்சம் கோணலாக, என்னைப் பார்த்து அசைந்தது.

யாராவது வீடியோ எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் கையை அசைத்தேன்.